ரேடியேட்டர் மூடியைத் திறக்குமுன்

காரைக்குடி,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நேற்று நீ போனில் "ஹெட் கேஸ்கெட் போயிருச்சாம்ப்பா, எஞ்சினைப் பிரிக்கணுமாம்" என்று சொன்னபோது உன் குரல் அடைத்தது. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டி, பழசானாலும் உனக்கு அது புதுசு. வாங்கி 40 நாள்கூட ஆகவில்லை. நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேச்சில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்று எழுதுகிறேன். அம்மா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். வண்டிப் பக்கத்தில் நின்று படி.

ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற அடைப்புத் தகடு. அதற்காக எஞ்சினைப் பிரிக்க இப்போதைக்குச் சம்மதிக்காதே. அந்த ஒர்க்‌ஷாப்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லமாட்டேன், வண்டியை நான் பார்க்கவில்லை. ஆனால் நீ பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒன்று என் மனதிலேயே நிற்கிறது. வேளச்சேரி சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறுகிறது, தாம்பரம் தாண்டி ரோடு காலியானால் தானாக இறங்கிவிடுகிறது என்றாய். எஞ்சின் சூட்டை வாங்கி வருகிற தண்ணீர் ரேடியேட்டரில்தான் ஆறும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதை ஆற்றிவிடும். நிற்கும்போது அந்தக் காற்றை ஃபேன்தான் இழுத்துத் தரவேண்டும். ஓட்டத்தில் தணிந்து, நின்றால் கொதிக்கிற வண்டி வந்தால் நான் முதலில் ஃபேனைத்தான் பார்ப்பேன். இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு திருச்சி ரோட்டில் 80-ல் போகும்போது சூடேறினால் அது வேறு கதை: ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், சூடான தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட் முழுசாகத் திறக்காது, அல்லது வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கும்.

என் வலது முழங்கைக்குக் கீழே இருக்கிற தழும்பைச் சின்னவயதில் தடவிக்கொண்டே தூங்குவாய். எப்படி வந்தது என்று கேட்டபோதெல்லாம் "வேலையில பட்டது" என்று முடித்துவிடுவேன். எனக்கு அப்போது 19 வயது. தேவகோட்டை ரஸ்தா பக்கம் ஒரு கல்யாண வண்டி கொதித்து நின்றது. பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே, முகூர்த்தத்துக்கு நேரமாகிறது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஈரத்துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டேன். அந்த மூடி உள்ளே அழுத்தத்தைக் கட்டி வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி கழன்ற நொடியில் அத்தனையும் ஆவியாகிப் பொங்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. முள் ஏறிய வண்டியில் நீ அந்த மூடியைத் தொடவே கூடாது. ஓரங்கட்டு, ஏசியை அணை, ஹீட்டரை முழுசாகத் திறந்து விடு. ஹீட்டரும் எஞ்சின் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இரு. ஆபீசுக்கு நேரமாகிறது என்று அப்படியே ஓட்டிவிடாதே. சூட்டோடு ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். இல்லாத கேஸ்கெட் வேலையை நாமே கொண்டுவந்ததாகிவிடும்.

நாளைக் காலை, எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறிய பிறகு, பானட்டைத் திற. பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே கூலண்ட், அதாவது எஞ்சினை ஆற்றுகிற திரவம், இருக்கிறதா பார். ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடு. கையையும் துப்பட்டாவையும் தள்ளி வைத்துக்கொண்டு, ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கிறதா என்று கவனி. அநேக வண்டிகளில் ஏசி போட்ட சற்று நேரத்தில் அது சுற்றியாகவேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார், அதற்குப் போகிற ஒயர், இவற்றில் ஒன்று. ஃபேனுக்கு நேராக பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துப் பார்க்கச் சொல். சுற்றினால் மோட்டார் நல்லாயிருக்கிறது. ரிலேதான் போயிருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

ஹெட் கேஸ்கெட் நிஜமாகவே போயிருந்தால் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெளியே எங்கும் ஒழுகாமலே கூலண்ட் குறையும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். டப்பாவில் விடாமல் குமிழி வரும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது. ஆயில் குச்சியில் பால் காப்பி நிறத்தில் ஒட்டும். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய்போல் இருந்தால் பயப்படாதே, கிட்டத்துக்கே ஓட்டுகிற வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி வரும். இதெல்லாம் பார்த்தார்களா, எஞ்சினுக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பிடித்துப் பார்த்தார்களா என்று மரியாதையாகக் கேள். வேலை தெரிந்தவர் கோபிக்கமாட்டார்.

நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பார்க்காமல் கழற்றுகிற தப்பை நானே செய்திருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் வீட்டு வண்டி, காலையில் ஸ்டார்ட் ஆகாது. புது பேட்டரி போட்டேன். ஒரு வாரம் ஓடியது, மறுபடி நின்றது. டைனமோவைக் கழற்றி வேலை பார்த்தேன். அதன்பிறகு செல்ஃப் மோட்டார். மூன்றாம் முறை வண்டி நின்றது, அந்த வீட்டுப் பெரியவரைத் திருச்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய விடியற்காலையில். வேறு வண்டி பிடித்துப் போனார்கள். அன்றைக்குத்தான் ஒவ்வொரு ஒயராகத் தடவிப் பார்த்தேன். கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழியான, எஞ்சினிலிருந்து பாடிக்கு வருகிற எர்த் ஒயர், நட்டுக்கு அடியில் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன், பத்து நிமிட வேலை. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஆச்சி பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "இனிமே பாத்துட்டுக் கழட்டு அப்பு" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இத்தனை வருஷம் மனதில் நின்றிருக்காது.

அதற்குப் பிறகு மீட்டர் வைக்காமல் நான் பேட்டரியைக் குறை சொல்வதில்லை. ஆறிக் கிடக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. உன் வண்டி ஃபேனுக்கும் ஒரு எர்த் உண்டு, அதையும் பார்க்கச் சொல்.

சின்னப்பிள்ளையில் உன்னை டிவிஎஸ்ஸில் வைத்துக் கூட்டிப்போகும்போது நம் ஊர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி வாசலில், "துருப்பிடிக்கிறதைப் படிக்கவாப்பா இவ்வளவு பெரிய இடம்?" என்று கேட்டாய். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட இடம் அது. துருவும் பேட்டரியும்தான் அங்கே ஆராய்ச்சி. அந்தத் துருவோடுதான் என் பிழைப்பு முழுக்க ஓடியிருக்கிறது, ஆத்தா.

துரு என்றதும் இன்னொரு பயம் வருகிறது. சென்னை வண்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எத்தனை வண்டிகள் தண்ணீரில் கிடந்தன என்று நீயே பார்த்தவள். வாங்கும்போது நான் கூட வந்திருக்கவேண்டும், வராதது என் தப்பு. இப்போதாவது பார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழு, அடியில் சேற்றுக்கோடு தெரிகிறதா? சீட்டுக்குக் கீழே தண்டவாளம் மாதிரி இருக்கிற கம்பியில் துரு இருக்கிறதா? கால்மிதிக்கு அடியில் இருக்கிற கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார். மூழ்கிய வண்டி என்றால் ஒயரிங் ஒவ்வொன்றாகக் கெடும். அப்படி ஏதாவது தெரிந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் என்னைக் கூப்பிடு, நான் பஸ் ஏறி வருகிறேன்.

வண்டி திரும்பும்போது டக் டக் என்கிறது என்று சொன்னாயே, அது சக்கரத்தைச் சுற்றவைக்கிற டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் போயிருக்கும். அவசரமில்லை, இந்த மாதத்துக்குள் பார்த்தால் போதும். கூலண்ட் குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றிவிடாதே, உப்புப் படிந்து ரேடியேட்டரை அடைக்கும். நம் பக்கத்து ஆட்கள் ஊருணித் தண்ணீரை ஊற்றி ஓட்டிய காலத்தில் எத்தனை ரேடியேட்டரைக் குத்திச் சுத்தம் செய்திருப்பேன்!

அம்மா சீப்புச் சீடை சுட்டு வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம். நாளைக் காலை ஆறரைக்கு நான் எழுந்திருப்பேன். ஏசியைப் போட்டுவிட்டு போனை பானட் பக்கத்தில் பிடி. ஃபேன் சத்தம் வருகிறதா என்று நானும் கேட்கிறேன்.

அப்பா