படுவான்கரை நண்டுக்கார அம்மாவுக்கு

வாவித் தண்ணீர் வடிந்து நேற்றுத்தான் சேறு தெரிகிறது. நாங்கள் நட்ட கண்டல் (அலையாத்தி) கன்றுகளில் கீழ் வரிசை வெள்ளத்தில் மூழ்கிச் செத்தது வாவியின் இரு கரைக்கும் தெரிந்த கதை. தப்பி நிற்கிற கன்றுகளைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறோம்.

அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. வாவி கடலோடு சேருகிற முகத்துவாரம் மண்மூடிக் கிடந்து தண்ணீர் ஏறத் தொடங்கிய அன்று, நண்டு வலை இழுக்கப் போகிற வழியில் நடுகைத் திடலில் ஒரு பூவரசங்கம்பைக் குத்தினீர்கள். பிறகு ஒவ்வொரு விடியலிலும் தண்ணீர் நின்ற மட்டத்தில் பழைய சீலைத் துண்டொன்றை முடிந்துவிட்டுப் போனீர்கள். யாரும் கேட்கவில்லை. ஒன்பது முடிச்சு. ஐந்தாவதிலிருந்து எல்லாமே கீழ் வரிசைக் கன்றுகளின் நுனிக்கு மேலே.

கன்று ஏன் செத்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை. சேற்றுக்குள் காற்று கிடையாது. தண்டிலும் முட்டுவேரிலும் உள்ள நுண்துளைகளால்தான் கண்டல் மூச்சுவிடும். அவை நாட்கணக்கில் மூழ்கினால் வேர் அழுகும். ஒரு சாண் மேட்டில் நின்ற வரிசை தப்பியது. வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லாத கரை இது, இங்கே ஒரு சாண் என்பது உயிர். வெள்ளத்தோடு மிதந்து வந்த ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) கன்றுகளின் மேல் சாய்ந்து முறிக்காமல், தோணிக் கோலால் தள்ளிவிட்டதும் நீங்களே என்று பிறகுதான் தெரிந்தது.

முகத்துவாரம் வெட்ட நின்ற மீனவர்கள், நாற்றுப் பைகளை உரப்பையில் கட்டி மேட்டுக்குத் தூக்கிய பெடியன்கள், கண்ணா என்கிற கண்டல் மரத்தின் இலையைக் கண்டால் விடாத மாடுகளை மறித்து வைத்திருந்த பட்டிக்காரர், தேத்தண்ணி ஊற்றித் தந்த மாமிமார், எல்லாருக்கும் நன்றி.

இனிக் கம்புதான் முதலில். ஏற்கெனவே கண்டல் செழித்து நிற்கிற இடத்தில் ஒன்று, நடப்போகிற இடத்தில் ஒன்று. பூரணைக்கும் அமாவாசைக்கும் இரண்டிலும் மட்டம் பார்த்து, ஒத்துவராத பள்ளத்தில் ஒரு கன்றும் வைக்கமாட்டோம். தானாக முளைக்கிற இடத்தைத் தொடமாட்டோம். அடைபட்ட வாய்க்காலை வெட்டிவிட்டால் அங்கே தண்ணீரே விதை கொண்டுவரும். காய்க்கும் முளைத்தண்டுக்கும் நடுவே மஞ்சள் வளையம் விழுந்த முளைகளை மட்டும் பொறுக்கி, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போக, ஒரு மீற்றர் விட்டு நடுவோம். நீர்நாய் திரும்பி வருமோ தெரியாது, இறால் குஞ்சுக்கு ஒதுங்க இடம் கிடைக்கும்.

அந்தப் பூவரசங்கம்பைப் பிடுங்கவில்லை, அம்மா. முடிச்சுகளும் அப்படியே இருக்கின்றன. அடுத்த நடுகைக்கு முதற்கம்பை நீங்கள் வந்து குத்தித் தாருங்கள்.

நாற்றுமேடையில் வேலை செய்கிறவர்கள்
மட்டக்களப்பு