சுக்கான் கம்பி அறுந்த ராத்திரி

மச்சான்,

நான் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இத்தனை மாதம் எழுதாததற்குத் திட்டுவாய், நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

எழுத வைத்தது உன் மகன்தான். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிக் கொச்சியிலிருந்து மாலத்தீவுக்கு ஓட்டிப்போகப் போகிறானாம். "மாமா, என்னென்ன கருவி வாங்கணும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். அதனால் நான் சொல்கிறேன். கத்தாதே, முழுதும் படி.

நான் இப்போது கரீபியன் தீவான பார்படோஸில் இருக்கிறேன். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளின் மிந்தெலோ துறைமுகத்திலிருந்து இங்கே சுமார் 2,000 கடல் மைல். நாற்பது அடிப் படகு. வயதான ஒரு பிரெஞ்சுத் தம்பதியுடையது. வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும், சுகமான பாதை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பாதி வழியில், படகைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் போனது. அதன் தள்ளுதண்டைப் பிடித்திருந்த பிராக்கெட்டில் வெல்டிங் விட்டுவிட்டது. அப்புறம் இரவும் பகலும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் கையால்தான் ஓட்டினோம்.

ஸ்குவால், அதாவது திடீரென்று மழையோடு வரும் சூறைக்காற்று, அங்கே ராத்திரியில்தான் அதிகம். மேகத்தின் தலை குளிர்ந்துவிடும், அடியில் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும். மேகம் பொங்கிக்கொண்டே போகும். பின்பக்கம் நட்சத்திரங்கள் வரிசையாக மறைந்தால், பிடரியில் சில்லென்று ஒரு காற்று பட்டால், வந்துவிட்டது என்று அர்த்தம். மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் இருந்த காற்று நிமிஷத்தில் 35 ஆகும். காற்று இரட்டிப்பானால் பாயின் மேல் அழுத்தம் நான்கு மடங்கு. அதனால் பொழுது சாயும்போதே பாயைச் சுருக்கிவிடுவோம். வேகம் குறைந்தால் குறையட்டும்.

அப்படி ஒரு ஸ்குவாலில், என் முறையின்போது, சக்கரம் திடீரென்று கையில் லேசாகிவிட்டது. எந்தப் பக்கம் சுற்றினாலும் சுற்றுகிறது. சக்கரத்திலிருந்து, படகைத் திருப்பும் சுக்கானுக்குப் போகும் கம்பி அறுந்துவிட்டது. படகு திரும்பிக் குறுக்கே கிடந்தது. முன்பாய் படபடவென்று அடித்ததில் பாய்மரம் அடி வரை அதிர்ந்தது. கேப்டன் முதலில் அந்தப் பாயைச் சுருட்டினார். அவர் மனைவி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தளத்தில் இருந்த பித்தளை மூடியைத் திறந்து, சுக்கான் தண்டின் தலையில் அவசரக் கைப்பிடியை மாட்டினார். மூடி ஒரே திருகில் கழன்றது. மிந்தெலோவில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றிக் கிரீஸ் போட்டிருந்தார். திறக்கும் சாவியைச் சக்கரத் தூணிலேயே கயிற்றில் கட்டியிருந்தார். மச்சான், அந்த அம்மாவை நான் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

காலையில் கீழே படுத்து உள்ளே பார்த்தேன். கம்பி ஓடும் கப்பி உப்புப் பிடித்து இறுகிப்போயிருந்தது. கப்பி சுழலாததால் கம்பி அதன் மேல் உரசி உரசி, ஒவ்வோர் இழையாக விட்டிருக்கிறது. விரலை வைத்தால் ஊசி மாதிரி குத்தியது. ஸ்குவால் வராவிட்டாலும் அது இன்னும் கொஞ்ச நாளில் அறுந்திருக்கும். கப்பியைக் கழற்றிச் சுத்தம் செய்து, வேறு கம்பி போட்டு கிளாம்ப் வைத்து இறுக்குவதற்குள் மத்தியானமாகிவிட்டது. அதுவரை முன்பாயின் கயிற்றைக் காற்றுப் பக்கமாகக் கொண்டுவந்து அந்தக் கைப்பிடியில் கட்டி, எதிர்ப்பக்கம் ரப்பர் குழாயால் இழுத்துக் கட்டினோம். காற்று கூடினால் பாய் இழுக்கும், குறைந்தால் ரப்பர் இழுக்கும். படகு தானாக நேர்வழியில் போனது! அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நம் கடற்படையில் இருந்த பாய்மரப் படகோட்டி அபிலாஷ் டோமியை உன் மகனுக்குத் தெரிந்திருக்கும். 2018-ல் தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டுக் கிடந்தவர். தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் மறுபடி இறங்கி 2023-ல் இரண்டாவதாக வந்தார். காற்றின் திசையை வைத்துப் படகைத் தானாக ஓட்டும் விண்ட்வேன் உடைந்தபோது கழிவறைக் கதவை அறுத்து அதற்குப் பலகை செய்தார். அந்த மாதிரி ஆளாக இவனும் வரட்டும் என்றுதான் எனக்கு ஆசை.

ஆனால் அவன் அனுப்பிய பட்டியலைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. திரைகள், சென்சார், கேமரா எல்லாம் இருக்கிறது. கம்பி, கப்பி, கயிற்றை மாட்டும் ஷேக்கிள் வளையம் எதுவும் இல்லை. உங்கள் அப்பா தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக இருந்த காலத்தில், பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிற்றை ஒரு முறை விரலால் தடவிப் பார்க்காமல் துறையை விட்டுக் கிளம்பமாட்டாரே. அதை அவனுக்குச் சொல். அந்தக் கயிற்றைத் தினமும் நாலு விரல் தளர்த்தச் சொல், ஒரே இடம் கப்பியில் உரசாது. அவசரக் கைப்பிடியைத் துறையிலேயே கண்ணை மூடிக்கொண்டு மாட்டிப் பழகட்டும். போவதானால் வடகிழக்குக் காற்று நிதானமாக வீசும் ஜனவரி, பிப்ரவரியில் போகட்டும்.

அவனைத் தடுக்காதே. நீ தடுத்தால் சொல்லாமல் போவான்; நாம் அந்த வயதில் செய்ததை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். நாம் இருவரும் கொச்சிக்குப் போய் அந்தப் படகைத் தரையேற்றிப் பார்ப்போம். சுக்கான் தண்டை நான் பார்க்கிறேன், பாய்மரத்துக்கு நீ ஏறு. அதற்குள் பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டே கம்பிகளைக் கடைசியாக எந்த வருஷம் மாற்றினார்கள் என்று விற்பவரிடம் கேட்டுவை. பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்க விடாதே.

அன்புடன்,
உன் மச்சான்