மண் வேண்டாம், சரி, எந்தத் தண்ணீர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக்குள் மண்ணில்லாமல் கீரை வளர்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் பம்பு, விளக்கு, வலைக்கிண்ணம் என்று எல்லாவற்றையும் விலையோடு சொன்ன கட்டுரை, தொட்டியில் ஊற்றும் தண்ணீரைப் பற்றி "சுத்தமான நீர்" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டது. உரத்துக்கு "19:19:19, லிட்டருக்கு ஒரு ஸ்பூன்" என்றது. தழை, மணி, சாம்பல் சத்துகள் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) சமமாக உள்ள உரம் அது. இந்த இரண்டையும் நம்பிச் சென்னையில் ஒருவர் தொடங்கினால் மூன்றாவது வாரம் செடி மஞ்சள் பூத்து நிற்கும். நமக்குக் கைராசி இல்லை என்று அவரும் தொட்டியைத் துணி ஊறவைக்க எடுத்துக்கொள்வார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மண் ஒரு தாங்கி. உரம் கூடினால் கொஞ்சம் பிடித்து வைக்கும், குறைந்தால் விட்டுக்கொடுக்கும், புளிப்பு ஏறினாலும் இறங்கினாலும் சமாளிக்கும். வெறும் நீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதில் ஏற்கெனவே என்ன கரைந்திருக்கிறது என்பதில்தான் பாதி வெற்றி. சென்னையில் பல பகுதிகளின் ஆழ்குழாய் நீரில், கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். கருவியை வைத்தால் 1000 பி.பி.எம்.-ஐ (லிட்டருக்கு மில்லிகிராம்) தாண்டுகிறது. அதில் உப்பும் சுண்ணாம்பும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். செடிக்கு எமன் அதிலுள்ள பைகார்பனேட். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அது இதன் கைவரிசைதான். கரைசலின் பி.எச். அளவை, அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் எண்ணை, இது 7.5-க்கு மேல் இழுத்துக்கொண்டே போகும். அந்த நிலையில் இரும்புச் சத்து நீரில் இருந்தும் வேருக்கு எட்டாது. கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். சத்துப் போதவில்லை என்று இன்னொரு ஸ்பூன் உரம் போடுவார்கள். அதோடு கதை முடிந்தது.

ஆகவே ஆர்.ஓ. நீர், அல்லது மொட்டைமாடியில் முதல் மழையைக் கழுவி விட்டபின் பிடித்த மழைநீர். ஆர்.ஓ. கருவியிலிருந்து சாக்கடைக்குப் போகும் கழிவுநீரை மட்டும் தொட்டியில் ஊற்றவே கூடாது. குழாய் நீரில் இருந்ததெல்லாம் அதில் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

அடுத்து 19:19:19. அந்தப் பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்து நைட்ரேட்டாக மாற்றிக் கொடுக்கும். சுத்தமான தொட்டியில் அந்த வேலைக்கு ஆளில்லை. அதைவிடப் பெரிய குறை, அதில் கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் இல்லை. வயலில் இவற்றை மண் கொடுத்துவிடும். ஆர்.ஓ. நீரில் யார் கொடுப்பது?

கீரை வகைகளுக்கு 100 லிட்டர் ஆர்.ஓ. நீருக்கு இந்தக் கணக்கு சரிவரும்: கால்சியம் நைட்ரேட் 80 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் எனும் 13:0:45 உரம் 35 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் எனும் 0:52:34 உரம் 20 கிராம், மெக்னீசியம் சல்பேட் 40 கிராம், 12 விழுக்காடு இரும்பு உள்ள இ.டி.டி.ஏ. இரும்பு (நீரில் கரைந்தே இருக்கும்படி பிணைத்த இரும்பு) 2 கிராம். இதோடு போரான், மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், மாலிப்டினம் கொண்ட நுண்ணூட்டக் கலவை, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில். எல்லாம் சேர்ந்தால் தழைச்சத்து சுமார் 170, மணிச்சத்து 45, சாம்பல்சத்து 185, கால்சியம் 150, மெக்னீசியம் 38 பி.பி.எம். வரும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இங்கே தனிம அளவில். உரப்பையில் போட்டிருக்கும் எண்கள் ஆக்சிஜனையும் சேர்த்துச் சொல்லும் ஆக்சைடு கணக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் நான்கும் உரக்கடையிலேயே கிடைக்கும். மெக்னீசியம் சல்பேட் வேறொன்றுமில்லை, மருந்துக்கடையில் பேதியுப்பு என்று கொடுப்பதுதான். 13:0:45 என்பது வெடியுப்பு. அடுப்படியில் வைக்க வேண்டாம். கால்சியம் நைட்ரேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பொட்டலத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒரு போன் பேசிவிட்டு வந்தால் அடியில் பிசுபிசுவென்று இருக்கும், எடையும் தப்பாகும். ஸ்பூன் கணக்கு வேண்டாம். நகை எடை போடும் சின்னத் தராசு போதும்.

இவற்றை ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கலக்கக் கூடாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் பேதியுப்பையோ பாஸ்பேட்டையோ கொட்டினால் பால் திரிந்ததுபோல் ஆகி, சற்று நேரத்தில் அடியில் வெள்ளைச் சேறு படியும். ஜிப்சமும் கால்சியம் பாஸ்பேட்டும்தான் அது. எவ்வளவு கலக்கினாலும் திரும்பக் கரையாது. அதனால் இரண்டு பாட்டில். மேலே சொன்ன கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும் ஒரு லிட்டர் நீரில் முதல் பாட்டில். மற்றவை எல்லாம் ஒரு லிட்டரில் இரண்டாவது பாட்டில். தொட்டியில் முதலில் நீரை நிரப்பி, லிட்டருக்கு 10 மில்லி முதல் பாட்டிலிலிருந்து விட்டு நன்றாகக் கலக்கி, பிறகு 10 மில்லி இரண்டாவதிலிருந்து விட வேண்டும். முதல் பாட்டில் வெளிச்சம் படாத இடத்தில் இருக்கட்டும், வெயிலில் இரும்பு கெட்டுவிடும்.

இந்தக் கரைசலின் மின்கடத்துதிறன், அதாவது இ.சி., 1.6 (மில்லிசீமென்ஸ்/செ.மீ.) அளவில் நிற்கும். மலிவான டி.டி.எஸ். பேனாக்கள் அளப்பதும் இதையேதான். அளந்ததை 500-ஆல் பெருக்கிக் காட்டுவதும் உண்டு, 700-ஆல் பெருக்கிக் காட்டுவதும் உண்டு. ஒரே கரைசல் ஒருவர் பேனாவில் 800, இன்னொருவர் பேனாவில் 1120. "எத்தனை பி.பி.எம். வைக்கிறீர்கள்?" என்று கேட்டு அடுத்தவர் எண்ணைக் காப்பியடித்துக் கெட்டவர்கள் நிறையப் பேர். இ.சி. எண்ணிலேயே பேசினால் இந்தக் குழப்பம் வராது. நீர் மட்டம் இறங்க இறங்க இ.சி. ஏறினால் செடி நீரைத்தான் குடிக்கிறது, கரைசல் கெட்டி என்று பொருள், வெறும் ஆர்.ஓ. நீர் சேர்க்கலாம். இ.சி.யும் சேர்ந்து இறங்கினால் பசி. இரண்டு பாட்டிலிலிருந்தும் சமமாகக் கொடுக்க வேண்டும்.

பி.எச். 5.5-லிருந்து 6.5-க்குள். அதைக் குறைக்க எலுமிச்சைச் சாறு விடலாம் என்று கட்டுரை சொன்னது. விட்ட அன்று குறையும். சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் இரண்டொரு நாளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும், தொட்டியும் வழவழக்கும். வினிகரும் அப்படியே. பாஸ்பாரிக் அமிலம்தான் நிலைக்கும். கையுறை போட்டுக்கொண்டு, பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு அமிலத்தை ஊற்றி (அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது) அந்தக் கலவையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பி.எச். பேனாவை, 6.86, 4.01 என்று பி.எச். தெரிந்த பொடிகளைக் கரைத்த நீரில் மாதம் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் அது காட்டுவது கிளி ஜோசியம். அதன் முனையை ஆர்.ஓ. நீரில் ஊறப்போட்டு வைப்பதும் தவறு. பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

தொட்டிக்குப் பம்பு கட்டாயமில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறையில் மின்சாரமே தேவையில்லை. 40 லிட்டர் மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியின் மூடியில் 18 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் 6 துளைகள் போடுங்கள். 2 அங்குல வலைக்கிண்ணத்தின் விளிம்பு மட்டும் மேலே தங்கும்படி துளை ஒரு நூல் குறைவாக இருக்கட்டும். ஆரம்பத்தில் கரைசல் கிண்ணத்தின் அடியை ஒரு சென்டிமீட்டர் தொட வேண்டும். பிறகு மட்டம் தானாக இறங்கும். வெளியே வரும் மேல்வேர்கள் காற்றை வாங்கிக்கொள்ளும். ஆசையாக மறுபடி விளிம்புவரை நிரப்பினால் அந்தக் காற்று வேர்கள் மூழ்கி மூச்சடைத்துச் செத்துவிடும். நிரப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பாதிக்கு மேல் போகாதீர்கள். ஒரு லெட்டூஸ் (சாலட் கீரை) அறுவடைக்கு வரும்வரை சுமார் 4 லிட்டர் குடிக்கும். பெட்டி வெளிச்சம் புகாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாசி. உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே தெரிந்தால் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட்.

காற்றுப் பம்பு வைத்துத்தான் வளர்ப்பேன் என்பவர்கள் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும், அல்லது குழாயில் ஒருவழி வால்வு போட வேண்டும். கரண்ட் போன நேரத்தில் தொட்டி நீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து பம்புக்குள் இறங்கும். மெல்லிய ஓடை போலக் குழாயில் நீரை ஓடவிடும் என்.எஃப்.டி. முறையை முதல்முறை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். மே மாதத்தில் ஓரிரு மணி நேரம் மின்தடை என்றால் வேர் காய்ந்து தலை தொங்கிவிடும். அதற்குப் பழைய பி.வி.சி. குழாயை வெட்டிப் பயன்படுத்துவதும் வேண்டாம்; ஈயம் சேர்த்துச் செய்த குழாய்கள் நம்மூரில் நெடுநாள் விற்றன.

வெளிச்சத்தைப் பற்றிக் கட்டுரை ஜன்னலோரம் போதும் என்கிறது. புதினாவுக்கு ஒருவேளை போதும். இரவில் நம் கூடத்து விளக்கு வெளிச்சம் 200, 300 லக்ஸ். லெட்டூஸ் இலை மட்டத்தில் 12,000 முதல் 15,000 லக்ஸ், அதுவும் தினம் 14 மணி நேரம் கேட்கிறது. 4 அடிக்கு 1.5 அடி அலமாரித் தட்டில், இலைக்கு 20 சென்டிமீட்டர் மேலே, 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப் நான்கு கட்டி, பக்கங்களில் வெள்ளை அட்டை வைத்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். ஊதா விளக்கு தேவையில்லை. அந்த நிறத்தில் இலை மஞ்சளா பச்சையா என்றே தெரியாது. 80 வாட், 14 மணி நேரம் என்றால் நாளைக்கு 1.12 யூனிட், இரண்டு மாத பில்லில் 67 யூனிட் கூடும். கீரைக்கட்டு விலையோடு ஒப்பிட்டால் இது கட்டுப்படியாகாது. கட்டுரை இதைச் சொல்லாதது எனக்கு வருத்தமே.

வெயில் காலம் தனிப் பாடம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். கரைசல் 28 டிகிரியைத் தாண்டினால் பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற கிருமிக்குக் கொண்டாட்டம். வெள்ளை வேர் பழுப்பாகி, விரலில் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று நடு இழை மட்டும் கையில் நிற்கும். அந்தச் செடியை எறிந்துவிட்டு, லிட்டருக்கு 10 மில்லி பிளீச்சிங் திரவம் கலந்த நீரில் பெட்டியைக் கழுவிக் காயவைப்பதே உத்தமம். லெட்டூஸ் விதை 30 டிகிரியில் முளைக்கவே முரண்டு பிடிக்கும், முளைத்தாலும் தண்டு நீண்டு கசக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பசலை, பாலக், புதினா, திருநீற்றுப்பச்சை போதும், இ.சி.யையும் 1.2-க்கு இறக்கிவிடலாம். குளிர்ச்சிக்காகக் கரைசலை மண்பானையில் ஊற்றி வைப்பதில் பயனில்லை. நீர் கசிந்து ஆவியாக, உரமெல்லாம் பானையின் வெளியே வெள்ளையாகப் பூத்துவிடும். பிளாஸ்டிக் பெட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுவது மேல்.

கட்டுரையில் கொசு என்ற சொல்லே இல்லை. அசையாத நன்னீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். கிண்ணத்துக்கும் மூடிக்கும் இடையே, காற்றுத் துளையில், விதைப் பஞ்சின் ஓரத்தில் இடுக்கு இருந்தால் பத்து நாளில் வீட்டுக்குள்ளேயே கொசு பறக்கும். நைலான் வலையும் ஸ்பாஞ்சும் வைத்து ஒவ்வோர் இடுக்கையும் அடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் புழு நெளிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னும் சில திருத்தங்கள். கட்டுரை சொன்னதுபோல் மண்ணில்லா வளர்ப்பு இஸ்ரேல் கண்டுபிடிப்பு அல்ல. 1860-களிலேயே ஜெர்மனியில் சாக்ஸும் நோப்பும் உப்புக் கரைசலில் செடி வளர்த்தார்கள். கலிஃபோர்னியாவின் கெரிக் 1937-இல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை வெளியிட்டார். நம் நாட்டிலேயே காலிம்போங்கில் 1940-களில் ஷோல்டோ டக்ளஸ் இதைச் செய்து பார்த்திருக்கிறார். இது இயற்கை விவசாயமும் அல்ல. மேலே எழுதிய பட்டியல் முழுக்க ரசாயன உப்பு. அதற்காகப் பஞ்சகவ்யத்தைத் தொட்டியில் ஊற்றினால், மண்ணில்லாத இடத்தில் அது உரமாக மாறுவதற்கு முன் நாறும்.

கடைசியாக, 90 விழுக்காடு தண்ணீர் மிச்சம் என்ற கட்டுரையின் வரி. பாத்தி கட்டிப் பாய்ச்சும் வயலோடு ஒப்பிட்ட கணக்கு அது. வீட்டில் ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீர் எடுக்க இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. 40 லிட்டர் பெட்டிக்கு 80 முதல் 120 லிட்டர். அந்தக் குழாயை ஒரு வாளிக்குள் திருப்பிவிட்டால் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். அறுவடைக்குப் பிறகு பெட்டியில் மிஞ்சும் கரைசலுக்குச் சமமாக நீர் சேர்த்து மாடியிலுள்ள மண் தொட்டிகளுக்கு ஊற்றலாம். ஒரே தொட்டியில் அடுத்தடுத்து ஊற்றாமல் முறை மாற்றி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை.