சாவிக்கொத்து வலிப்பை நிறுத்துவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் திருகோணமலை பஸ் நிலையத்தில் இளைஞர் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தார். உடனே கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் அவருடைய விரல்களைப் பிரித்து இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் கால்களை அழுத்திப் பிடித்தார். சோடாப் போத்தலை உடைத்து வாயில் ஊற்ற வந்தவரை நான் கெஞ்சித்தான் தடுக்க வேண்டியிருந்தது. சற்று நேரத்தில் உதறல் அடங்கியது. "பாருங்கள், இரும்பு பட்டதும் நின்றுவிட்டது" என்றார் சாவி கொடுத்தவர். அவர் உதவத்தான் ஓடி வந்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கக்கூடியது. வலிப்பு நோயுள்ள தம்பியோடு வளர்ந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருக்கின்றன. நுண்ணிய மின் சமிக்ஞைகளால் அவை ஒன்றையொன்று தூண்டவும் செய்கின்றன, அடக்கவும் செய்கின்றன. இந்த இரண்டும் சமமாக இருக்கும்வரை நாம் நடக்கிறோம், பேசுகிறோம், நினைக்கிறோம். மீன் சந்தையில் ஆளுக்கொரு விலை கூறும்போது வியாபாரம் நடக்கும். அத்தனை பேரும் ஒரே சொல்லை ஒரே தாளத்தில் கத்தத் தொடங்கினால் எதுவும் நடக்காது. வலிப்பின்போது மூளையில் நடப்பது அதுதான். பெருந்தொகையான கலங்கள் ஒரே நேரத்தில், கட்டுக்கடங்காமல் மின்னுகின்றன.

முதலில் உடல் முழுவதும் விறைக்கிறது. நெஞ்சுத் தசைகள் இறுகும்போது நுரையீரலில் இருக்கும் காற்று குரல்வளை வழியாகப் பிதுங்கி வெளியேறுகிறது. பேய் பிடித்ததாகப் பலர் பயப்படும் அந்த அலறல் இப்படித்தான் பிறக்கிறது. விழுங்க முடியாத உமிழ்நீரே நுரையாகிறது. அதன்பின் உதறல் தொடங்குகிறது. மூளையின் அடக்கும் ஆற்றல் விட்டுவிட்டுத் தலைதூக்க, ஒரு உதறலுக்கும் அடுத்ததற்கும் இடையே இடைவெளி கூடிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றுவிடுகிறது. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே ஓய்ந்துவிடும். சாவி கொடுத்தாலும் ஓயும், கொடுக்காவிட்டாலும் ஓயும்.

ஆகவே சாவியைத் தேடும் நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்சை அழையுங்கள். அதுவரை தலைக்கடியில் மடித்த துணி ஒன்றை வைத்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றி, உதறல் அடங்கியதும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் போதும். வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ எதுவும் வேண்டாம். பல் உடையும், மூச்சுக்குழாய் அடைபடும். கைகால்களை அழுத்திப் பிடித்தால் மூட்டு விலகவும் கூடும்.

விழித்த பிறகு அந்த இளைஞர் தன் பையைக்கூட அடையாளம் தெரியாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடித்திருக்கிறான்" என்று ஒருவர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். எனக்கு நெஞ்சு கொதித்தது. களைத்துப்போன மூளை தெளிவடையச் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம்வரை ஆகும். அந்த நேரத்தில் அவருக்குத் தேவை பக்கத்தில் அமைதியாக உட்கார ஒரு ஆள்.

முறையாக மருந்து எடுத்தால் வலிப்பு நோயாளர்களில் 70 சதவீதம் பேர்வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் தம்பியும் கிளினிக் கொப்பியும் குளிசையுமாக ஒழுங்காக இருந்து இன்று தச்சு வேலை செய்கிறான். ஆனால் ஆறு மாதம் வலிப்பு வரவில்லை என்றதும் குளிசையைத் தாமாகவே நிறுத்துகிறவர்கள் நம்மிடையே அதிகம். திடீரென நிறுத்துவதுதான் கடும் வலிப்பை வரவழைக்கும். தூக்கமின்மையும் அப்படியே. கோணேசர் ஆலயத்தில் சிவராத்திரிக்குக் கண்விழிப்பவர்களில் இந்த நோய் உள்ளவர்கள் இருந்தால், தயவுசெய்து முன்கூட்டியே வைத்தியரிடம் பேசுங்கள். கடலுக்குத் தனியே போவதையும் தவிருங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். எல்லா வலிப்பும் விழுத்தி உதறுவதில்லை. சில பிள்ளைகள் பாடத்தின் நடுவே பத்துப் பதினைந்து விநாடிகள் அசையாமல் வெறித்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் எழுதத் தொடங்குவார்கள். இது ஒரு நாளில் பல முறை வரலாம். பராக்குப் பார்ப்பதாக நினைத்து அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்த வேண்டாம். பெற்றோரை அழைத்து, கண்டதைக் கண்டபடி சொல்லி, வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். இந்த வகை வலிப்பு பெரும்பாலும் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.