தம்பிக்கு, அந்த 53 புள்ளி பற்றி

தம்பி,

இந்த சீசனிலிருந்து ஸ்கேட்டிங் போட்டிகளில் அதிகாரிகள் மேசையில் உட்கார்ந்து புள்ளி பதியப் போகிறாயாம், மச்சாள் சொன்னார். நல்ல விசயம். சின்ன வயதிலிருந்தே நீ கணக்கில் பிழை விடமாட்டாய், மற்றவர்கள் விட்டால் சும்மா இருக்கவும் மாட்டாய். இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். நீ எடுக்கமாட்டாய். ஆனால் இந்தப் பக்கத்தை ஒளித்து வாசிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

நாங்கள் ஏன் கதைக்காமல் இருக்கிறோம் என்று விளக்கப் போவதில்லை. சொந்தக்காரர் பலர் வாசிக்கிறார்கள். பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஃபிகர் ஸ்கேட்டிங் குழுப் போட்டியில் கனடாவுக்குக் கிடைத்த 53 புள்ளிக் கணக்கில் தொடங்கியது, கணக்கோடு நிற்கவில்லை. அவர்களுக்கு இவ்வளவு போதும்.

அந்த இரவைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. 2022 பெப்ரவரி, பெய்ஜிங்கில் பகல், ஸ்காபரோவில் எல்லோரும் படுத்த நேரம். பேஸ்மென்டில் ரிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஹைட்ரோ பில் வந்த உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டு நாடுகளின் பெயர்களை எழுதினாய். ரஷ்யாவின் வலியேவாவுக்கு ஃப்ரீ ஸ்கேட்டில், அதாவது நீண்ட ஆட்டத்தில், 178.92, இரண்டாவதாக வந்த ஜப்பானின் சகமோட்டோவுக்கு 148.66. நீயோ உறையில் 10 என்றும் 9 என்றும் எழுதுகிறாய். மற்ற முப்பது புள்ளி எங்கேயடா போனது என்று கேட்டேன். குழுப் போட்டியில் எத்தனை புள்ளி என்று பார்ப்பதில்லை அக்கா, எத்தனையாவது இடம் என்றுதான் பார்ப்பார்கள் என்றாய். எங்கள் கனடாவின் மேடலின் ஷிசாஸ் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் அமெரிக்காவின் கேரன் சென்னை முந்தி மூன்றாவதாக வந்தாள், அதுவும் ஒரு இடம்தான், முப்பது புள்ளியும் ஒரு இடம்தான். அவளுக்கு 8 போட்டு அதைச் சுற்றி வட்டம் கீறினாய். ஷோர்ட் புரோகிராம் என்ற குறுகிய ஆட்டத்திலும் அவளுக்கு 8.

வலியேவா குவாட், அதாவது காற்றில் நாலு சுற்று சுற்றும் பாய்ச்சல், பாய்ந்தபோது இரண்டு பேரும் எழும்பி நின்று கை தட்டினோம். ஒலிம்பிக்கில் ஒரு பெண் குவாட் பாய்ந்து இறங்கியது அதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளைக்கு அப்போது பதினைந்து வயது. தட்டிய கையை நான் இப்பவும் குறை சொல்லமாட்டேன், அவளைச் சுற்றி நின்ற பெரியவர்களைத்தான் சொல்வேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். முந்திய டிசம்பரில் வலியேவாவிடம் எடுத்த ஊக்கமருந்துப் பரிசோதனை மாதிரி, அதிலிருந்த தடைசெய்த இதய மருந்து, வழக்கு, தடை. 2024 ஜனவரி 30 அன்று சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் ரஷ்யர்களின் 74இலிருந்து அவளுடைய இரண்டு 10களையும், மொத்தம் 20ஐக் கழித்தது. மிச்சம் 54, அதோடும் மூன்றாமிடம். கனடாவுக்கு அதே 53, நாலாமிடம். அவளுக்குப் பின்னால் வந்தவர்களை ஓர் இடம் மேலே ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் ஷிசாஸின் இரண்டு 8உம் 9 ஆகியிருக்கும், கனடாவுக்கு 55, வெண்கலம் இங்கே வந்திருக்கும். நீயே வட்டம் கீறிய 8கள்தானே!

நீயோ "விதி அப்படித்தான்" என்றாய்.

அந்தச் சங்கத்தின் விதி 353ஐ நானும் வாசித்தேன். நீக்கப்பட்டவருக்குக் கீழே இருந்தவர்கள் இடத்தில் மேலே வருவார்கள் என்று அதில் இருக்கிறது. அது குழுப் போட்டிக்குப் பொருந்தாது என்றார்கள். புள்ளிகளை மாற்றிப் பங்கிட்டால் ஒரு குற்றமும் செய்யாத அணிகளின் வரிசை குழம்பலாம் என்றார்கள். குழம்பலாம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே எது குழம்பியது? எல்லோரையும் மேலே ஏற்றியிருந்தாலும் அமெரிக்கா 67, ஜப்பான் 65, அதே முதலிடம், அதே இரண்டாமிடம். கீழே போயிருக்கக்கூடியது யாருடைய புள்ளியைக் கழித்தார்களோ அந்த அணி மட்டும்தான். பொய் சொல்லி வரிசையில் முன்னால் நின்றவரை வெளியே எடுத்தால் பின்னால் நிற்பவர் ஓர் அடி முன்னால் வரவேண்டாமா?

உன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அதை அன்று நான் காதில் வாங்கவில்லை. யாருக்கு லாபம் என்று தெரிந்த பிறகு விதியை வாசிக்கக் கூடாது என்றாய். சரி. அதற்கு மேல் நான் சொன்ன சொல்லுக்கு மன்னித்துக்கொள், அதை இங்கே திரும்ப எழுத முடியாது. ஆனால் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் "அக்காவுக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும்" என்று முதலில் சொன்னது யார்? அதோடு விடாமல் 2002ஐ வேறு இழுத்தாய். சால்ட் லேக் ஒலிம்பிக்கில் நடுவர் குளறுபடி வெளியே வந்து கனடாவின் ஜோடி ஸ்கேட்டர்கள் சாலேக்கும் பெல்லெட்டியேக்கும் இரண்டாவது தங்கம் கொடுத்தபோது அம்மா ரிவிக்கு முன்னால் அழுதா, அன்றைக்கு நீ விதிப் புத்தகம் கேட்டாயா அக்கா என்றாய். அம்மாவை அதற்குள் கொண்டுவந்திருக்கக் கூடாது தம்பி. அன்றைக்கு அம்மாவோடு சேர்ந்து நீயும்தான் அழுதாய்.

2024 ஓகஸ்ட் 2இல் கனடாவின் மேல்முறையீட்டை விளையாட்டு நடுவர் மன்றம் தள்ளியது. ஐந்து நாள் கழித்துப் பாரிஸில் ஈபிள் கோபுரத்தைப் பார்த்தபடி அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் பதக்கம் வாங்கினார்கள். பாவம், அவர்களும் இரண்டரை வருடம் காத்திருந்தவர்கள். குடும்பக் குரூப்பில் அந்தச் செய்திக்குக் கீழே நீ ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு வெளியேறினாய். பதக்கம் வாங்கியவர்களுக்குப் போட்டாயா, எனக்குப் போட்டாயா?

ஒன்றுதான் கேட்கவேண்டும், இனி நீ அந்த மேசைக்காரன் என்பதால் கேட்கிறேன். அவர்கள் விட்டுவைத்த கணக்கின்படி பெய்ஜிங் குழுப் போட்டியில் பெண்களில் ஒருவருக்கும் 10 இல்லை. ஷோர்ட்டிலும் இல்லை, ஃப்ரீயிலும் இல்லை, 9இலிருந்துதான் தொடங்குகிறது. அப்படி ஒரு தாள் உன் கைக்கு வந்து, ஒரு பிள்ளையின் தாய் வந்து இதில் முதலாவது யார் தம்பி என்று கேட்டால் என்ன சொல்வாய்? விதி எண்ணையா?

உன் முதல் போட்டி எந்த அரங்கில் என்று மச்சாளிடம் கேட்டு வைத்திருக்கிறேன். வருவேன். பார்வையாளர் பக்கம் இருப்பேன், உன் மேசைக்குக் கிட்ட வரமாட்டேன். உள்ளே நல்லாகக் குளிரும், வழக்கமான அந்த மெல்லிய ஜாக்கெட்டோடு போகாதே. நீயாக வந்து கதைத்தால் கதைப்பேன், இல்லாவிட்டால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

அக்கா