ஓடிபிக்கு மூன்று நிமிடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுத்த பெருந்தொற்று வந்தால் அரசு எல்லாவற்றையும் செயலி வழியாகவே நடத்திவிடலாம் என்ற தொனியில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குமாரபாளையத்தில் ஜெராக்ஸ் கடையும் நெட் சென்டரும் வைத்திருப்பவன் நான். போன தடவை, கொரோனா சமயத்தில், அரசின் இணையதளத்துக்கும் ஊர் ஜனத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2021 ஏப்ரல் 28 அன்று சாயங்காலம், 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு, கொரோனா தடுப்பூசிக்கான மத்திய அரசின் கோவின் தளத்தில் பதிவு திறந்தது. ஆன்லைனில் பதியாவிட்டால் அவர்களுக்கு ஊசி கிடையாது என்பதுதான் அப்போதைய விதி. தளமோ ஆங்கிலத்தில். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். மே 10-ல் ஊரடங்கு வந்து கடையை அடைத்ததும், என் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டார்கள்.

தறிப்பட்டறையில் தார் போடும், அதாவது குழலில் நூல் சுற்றும், ஒரு பெண் வந்தார். "அண்ணா, எனக்குப் போன் இல்லைங்க, வீட்டுக்காரர் நம்பர்தான்" என்றார். வீட்டுக்காரர் லாரி டிரைவர், அன்று மகாராஷ்டிராவில் எங்கோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஓடிபி அவருக்குப் போகும், மூன்று நிமிடத்தில் காலாவதியாகும். என் போனிலிருந்து அழைத்தால், ரிங் போவதற்கு முன்னால் அரை நிமிடம் கொரோனா காலர் டியூன் ஓடும். அப்புறம் அவர் வண்டியை ஓரம் கட்டி, மெசேஜைத் திறந்து, ஆறு எண்ணையும் படிக்க வேண்டும். இரண்டு தடவை நேரம் முடிந்து, மூன்றாவது தடவைதான் பதிவானது. சரி, பதிவானதே என்று ஊசிக்கு இடம் தேடினால் மாவட்டம் முழுக்கக் காலி இல்லை. தடுப்பூசியே இல்லாதபோது போட்டுக்கொள்ளச் சொல்லி ஏன் காலர் டியூன் ஓட்டுகிறீர்கள் என்று அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும் கேட்டது. நாங்கள் திண்ணையில் கேட்டதும் அதைத்தான்.

ஜூன் தொடக்கத்தில் தளத்தில் மாநில மொழிகள் வந்தன. முதலில் வந்த பட்டியலில் தமிழ் இல்லை! தமிழக அரசு கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.

இத்தனைக்கும் அரசுக்கு வீட்டுவாசல் தெரியாமல் இல்லை. அதே மே மாதம் கொரோனா நிவாரணத்தின் முதல் தவணை 2,000 ரூபாய்க்கான டோக்கனை ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாக வந்து கொடுத்தார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருந்தது. யாரும் ஓடிபி கேட்கவில்லை. அந்தச் சீட்டில் ஊசிக்கும் ஒரு தேதி போட்டிருக்கலாமே என்று அப்போதே தோன்றியது.

மே 24-க்குப் பிறகு அரசு மையங்களில் நேரில் பதிந்துகொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். செப்டம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாடு முழுவதும் நடந்த மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அங்கேயும் கோவின் இருந்தது. ஆனால் அது பணியாளர் கையில் இருந்தது. ஜனங்கள் கையை நீட்டினால் போதும். அடுத்த முறை முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

டிஜிட்டலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் அலையில் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணோடு ட்விட்டரிலும் மருத்துவமனைப் படுக்கைக் கோரிக்கைகளை வாங்கினார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் என் திண்ணைக்கு வந்தவர்களில் ட்விட்டர் வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதிவுக்காக வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த ஆதார் படங்கள் மாதக்கணக்கில் என் போனிலேயே கிடந்தன. அழித்துவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒருநாள் மெமரி நிறைந்துவிட்டது என்று போன் காட்டியபோதுதான் அழித்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.