அசையாமல் நின்றவர்

கண்ணம்மா,

நேற்று போனை வைத்த பிறகும் உன் குரல் காதிலேயே இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய கட்டுரையின் ஓரத்தில் 'வெறும் வர்ணனை' என்று இரண்டே சொல் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்றாய். "எனக்கு தியரி வராதும்மா" என்றாய். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷுவல் கல்ச்சர் என்று நீ முதலில் சொன்னபோது ஓவியம் வரையக் கற்றுத்தரும் படிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு விடுமுறையில் லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டினாய், நினைவிருக்கிறதா? 1838-இல், புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் பாரிஸில் எடுத்த தெருப்படம். பட்டப்பகலில் அவ்வளவு பெரிய தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. "ஆளே இல்லையே" என்றேன். "நல்லா பாரும்மா" என்றாய். ஜனமும் வண்டியும் போய்க்கொண்டிருந்த தெருதான். தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் பிடித்ததால், நகர்ந்தவர்கள் யாருமே பதியவில்லை. ஓரத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கிவைத்து நின்றவர் மட்டும் தங்கிவிட்டார். பாலிஷ் போட்டவர் கை ஓயவில்லை; அதனால் அவர் கறைபோலத்தான் தெரிகிறார்.

"வேலை செஞ்சவர் மங்கலா விழுந்திருக்கார், நின்னவர் தெளிவா விழுந்திருக்கார், பாரு." இது நீ சொன்னது. அன்றுதான் உன் படிப்பு எதைப் பற்றியது என்று எனக்குப் புரிந்தது. எந்தப் புத்தகத்தையும் புரட்டிவிட்டு நீ அதைச் சொல்லவில்லை, பார்த்தாய், சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தில் வர்ணனை எங்கே முடிகிறது, தியரி எங்கே தொடங்குகிறது?

ஆனாலும் உன் ஆசிரியர் எழுதியது முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங் 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் எடுத்த அந்தத் தாயின் படம். கன்னத்தைத் தொட்டிருக்கும் கை, முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு குழந்தைகள், மடியில் கைக்குழந்தை, எல்லாவற்றையும் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் சரியான இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாய். படத்தின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஒன்று உறுத்துகிறது என்று லாங் பின்னால் நெகட்டிவிலேயே அதை மங்கச் செய்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். ஏன் உறுத்தியது என்று கேட்டிருக்க வேண்டாமா? அது அரசு வேலையாக, நடப்பதை உள்ளபடி பதிவு செய்ய எடுத்த படம். அதில் ஒரு விரலை மறைக்கலாம் என்று தோன்றியிருக்கிறது என்றால், அந்தத் தாய் எப்படித் தெரியவேண்டும் என்று ஒரு எண்ணம் முன்பே இருந்திருக்கிறது.

இன்னொன்று. அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்கவே இல்லை. படம் பத்திரிகையில் வந்து, முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தபோது அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பியிருந்தது. அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி பழங்குடி வழி வந்தவர் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. நாற்பத்திரண்டு வருஷம் உலகமே பார்த்த முகத்துக்குப் பெயர் இல்லை. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். உன் கட்டுரையிலும் கடைசிவரை அவர் 'அந்தத் தாய்'தான். படிக்கும்போது எனக்கு அது வலித்தது, கண்ணம்மா.

எழுதிய வர்ணனையில் ஒரு வரியையும் வெட்டாதே. தியரிப் புத்தகங்களை ஒரு வாரம் மூடிவை. அந்தக் கட்டைவிரலில் தொடங்கு, முதல் வரியிலேயே அவர் பெயரை எழுது. முதல் பத்தி வந்ததும் அனுப்பு. எந்த நேரமானாலும் விழித்திருந்து படிப்பேன்.

அம்மா